உரிமை கோரப்படாதவை

ஹெங்யாங் மேற்கு நிலையம்,
பயணிகள் பொதிக் காப்பறை.
எழுத்தர் குவாங் டெசெங், நான்.
பேரேட்டின் கடைசி ஆறு பக்கங்கள் பென்சிலில் இருக்கும்.
மை தீர்ந்துவிட்டது.

ஜூன் மாதக் கடைசியில் பாலத்தை நம்மவர்களே தகர்த்தார்கள்.
ஷியாங் ஆற்றுக்குள் இரும்பு
முழங்காலை மடித்து உட்கார்ந்தது.
கான்டனுக்கு, ஹான்கோவுக்கு, குய்லினுக்கு என்று
வண்டிகளைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்த ஊர்
அன்றிலிருந்து எங்கும் போகவில்லை.
படைத்தலைவர்களின் வரைபடத்தில்
இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒரு புள்ளி.
அந்தப் புள்ளிக்குள்தான்
நாங்கள் சோறு பொங்கிக்கொண்டிருந்தோம்.

தண்டவாளத்தைப் பெயர்த்துப் பதுங்குகுழிக்கு உத்தரம் போட்டார்கள்.
மேலே ஸ்லீப்பர் கட்டைகள், அதன்மேல் மண்.
கீழே படுத்திருந்த பையன் எர்நியு,
குண்டு விழுந்து கூரை அதிரும்போதெல்லாம்
"இப்ப எந்த வண்டி போகுது அண்ணே?" என்பான்.
"சரக்கு" என்பேன்.

பத்தாம் நாள் சார்ஜன்ட் ஷாங்குவான் வந்து துணி கேட்டார்.
உரியவர் வராமல் பூட்டைத் தொடக் கூடாது,
விதி இருக்கிறது என்றேன்.
முழங்கைவரை கறுப்பாய்க் காய்ந்திருந்தது அவருக்கு.
கோபப்படக்கூட நேரமில்லை.
"அப்படியானால் ரசீது எழுது" என்றார்.

எழுதினேன்.
எண் பதினாலு: நீலப் பருத்தித் துணி, மூன்று சுருள்.
எண் முப்பது: ஊறிய முள்ளங்கி, ஜாடியோடு. உப்புக்காக.
எண் முப்பத்தொன்றில் பட்டாசுச் சரம்.
யார் கல்யாணத்துக்கோ.
மண்ணெண்ணெய் டின்னுக்குள் போட்டு
இரவில் வடக்கு மதிலோரம் கொளுத்தினோம்.
இயந்திரத் துப்பாக்கி என்று நம்பி
எதிரி விடியும்வரை அந்த டின்னைச் சுட்டுக்கொண்டிருந்தான்.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
அதற்குப்பின் சிரித்த ஞாபகம் இல்லை.
எண் ஐம்பத்திரண்டு: எர்ஹு வாத்தியம், பட்டு நரம்பு இரண்டு.
யாரும் கேட்கவில்லை. நானே கழற்றிக் கொடுத்தேன்,
காயம் தைக்க.

எண் அறுபத்தொன்று: தோல் பெட்டி.
உள்ளே கல்யாண மெத்தைவிரிப்பு, சிவப்புப் பட்டு,
தாமரைக்கு நடுவே ஜோடி வாத்து.
கிழிக்கும்போது கத்தரி
ஒரு வாத்தின் கழுத்தில் போய்விட்டது.
அதையும் குறித்தேன்.

உதவிப்படை வந்துகொண்டிருக்கிறது என்றது வானொலி.
பன்னிரண்டு வருஷம் ரயில் நிலையத்தில் இருந்தவன் நான்.
பிளாட்பாரத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த எத்தனை பேரிடம்
அந்த வாக்கியத்தை
அதே குரலில் சொல்லியிருக்கிறேன்.

கிடங்கு எரிந்தபின் அரிசி கரியாயிற்று.
குளத்துத் தண்ணீரில் அலசித் தின்றோம்.
ஆகஸ்ட் வெயில். நாற்றத்தைப் பற்றி எழுத
பேரேட்டில் கட்டம் இல்லை.

நாற்பத்தேழாம் நாள் காலை சத்தம் நின்றது.
முதலில் அதை நான்
தாமதம் என்றுதான் நினைத்தேன்.

நாற்பத்தாறாம் வருஷம், மார்ச்.
கூரையில்லாத அலுவலகம், குடைக்குக் கீழே மேசை.
யீ லான்ஷியாங் என்ற பெண் டோக்கனை வைத்தாள். அறுபத்தொன்று.
பெட்டி இல்லை.
பேரேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினேன்.
நிதானமாகப் படித்தாள். வாத்து இருந்த வரியை இரண்டு முறை.
"சிவப்பில் ரத்தம் தெரிந்திருக்காது" என்றாள்.
"அந்தமட்டுக்கு நல்லது."

பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்ற இடத்தில்
எர்நியுவின் பெருவிரல் ரேகை.
அவனுக்கு எழுதத் தெரியாது.
தெரிந்திருந்தாலும் அன்று முடிந்திருக்காது.
அவள் தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.
"சின்னப் பையன்."
ஆமாம் என்றேன்.
பிழைத்தானா என்று அவள் கேட்கவில்லை.

காப்புக் கட்டணம் எவ்வளவு என்றாள்.
வேண்டாம் என்றேன்.
விதி இருக்குமே என்றாள்.
அறுநூற்று நாற்பது நாள், பழைய விகிதம்.
அந்தப் பணத்துக்கு அன்று ஒரு முட்டைகூட வராது.
நோட்டுகளை எண்ணி வைத்துவிட்டு
அதற்கும் ரசீது கேட்டாள்.

எழுதிக் கொடுத்தேன்.
மையில்.